சோம்பேறிகள் கண்ட பனிமலை

பனிச்சறுக்கு என்பது வீரர்களின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் அதை வளர்த்துவிட்டவர்கள் மேடேற மூச்சு வாங்கியவர்கள்தான்.

1934 ஜனவரி. வெர்மான்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக். நியூயார்க்கிலிருந்து வந்த சில கனவான்கள் விடுதிக்காரரிடம் மூக்கால் அழுதார்கள். ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறவே பொழுது போய்விடுகிறது, இறங்குவதோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. விருந்தாளி கோபித்துக்கொண்டு போனால் அறை காலி. ஆகவே கிளின்டன் கில்பர்ட் என்ற விவசாயியின் மேய்ச்சல் சரிவு அந்தப் பருவத்துக்கு 10 டாலர் வாடகைக்குப் பேசப்பட்டது. மாடுகளை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சின், சில கப்பிகள், சுமார் 1,800 அடி கயிறு. ஓடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேட்டுக்கு இழுத்துப் போகும்: அமெரிக்காவின் முதல் கயிற்று இழுவை தயார். கனடாவின் கியூபெக்கில் ஒருவர் முன்பே இதைச் செய்துவிட்டார் என்பதை வெர்மான்ட்காரர்கள் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

நாளுக்கு 1 டாலர். கையுறை நஷ்டம் தனி. கயிறு பனியில் நனைந்து, கனத்து, முறுக்கிக்கொண்டே ஓடும். இறுகப் பிடித்தால் ஒரே வெட்டில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். பயந்து லேசாகப் பிடித்தால் கம்பளிக் கையுறையை அரைத்துத் தின்றுவிடும். கழுத்துத் துண்டு தொங்கவிட்டவர்கள் துண்டோடு சேர்ந்து பயணம் செய்யும் அபாயமும் இருந்தது. ஆனாலும் கூட்டம் வந்தது. நடக்க வேண்டாமென்றால் மனிதன் எதையும் தாங்குவான்.

அடுத்த தலைவலி பனி. கனெக்டிகட்டின் மோஹாக் மலையில் 1947-இல் கடை விரித்த வால்ட் ஷோனெக்ட், வானம் கைவிட்ட ஒரு குளிர்காலத்தில் லாரி லாரியாக ஐஸ் கட்டிகளை இறக்கி, நொறுக்கிச் சரிவில் கொட்டினார். அதே மாநிலத்தில் மில்ஃபோர்டு ஊரில் ஸ்கீ தயாரித்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அதே கவலை: பனி இல்லாவிட்டால் ஸ்கீயை யார் வாங்குவார்? வேறு யாராவது என்றால் தள்ளுபடி விற்பனை அறிவித்திருப்பார்கள். இவர்கள் 1950-இல் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரையும் தோட்டத்துக் குழாயையும் இணைத்து, உறைகுளிரில் காற்றோடு தண்ணீரைப் பீய்ச்சி, பனியையே தயாரித்துவிட்டார்கள். ஷோனெக்ட் பிற்பாடு மவுண்ட் ஸ்னோ மலைக்குப் போய், சரிவின் உயரம் போதவில்லை, அடியில் ஓர் அணுகுண்டு வெடித்துப் பள்ளமாக்கித் தர முடியுமா என்று அணுசக்தி ஆணையத்தைக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. அவர் சுபாவத்துக்கு நம்பலாம்.

இன்று கொலராடோவின் வெய்ல் மலையில் சீசன் உச்சத்தில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த விலைக்கு மலை உச்சி தெரியும். லிஃப்ட் ஆபரேட்டருக்கு உங்களைத் தெரியாது. ஊர்ப்புறத்துச் சின்ன மலையிலோ அவர் உங்கள் பையனின் கணக்கு மார்க் வரைக்கும் விசாரிப்பார். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து பெஞ்சுக்கடியில் போட்டுவிட்டுப் போகலாம். பள்ளி விட்டதும் வந்து, விளக்கு வெளிச்சத்தில் சறுக்கிவிட்டு, வீட்டுப்பாடத்துக்குத் திரும்பலாம். விழுந்தால் மட்டும் ஊரே பார்க்கும்.

சின்ன மலையில் என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்கள் வெர்மான்டின் ரிச்மண்ட் ஊருக்குப் போகலாம். மிக்கி கோக்ரன் என்ற எஞ்சினியர் 1961-இல் தன் வீட்டுப் பின்பக்கச் சரிவில் கயிற்று இழுவை போட்டார். ஊர்ப் பிள்ளைகள் பெருகவே, மனைவி ஜின்னியின் சமையலறையே வாடிக்கையாளர் ஓய்வறையாகிவிட்டது. காலுறை காயப்போடும் கும்பலுக்கு நடுவே அந்த அம்மாள் எப்படிச் சமைத்தாரோ! பெற்ற பிள்ளைகள் நால்வரும் அமெரிக்க ஸ்கீ அணியில் இடம்பிடித்தார்கள். மகள் பார்பரா ஆன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஸ்லாலம் பந்தயத் தங்கத்தை 0.02 விநாடியில் தட்டி வந்தார். சரியாக 50 ஆண்டு கழித்து, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் மகன் ரயன் சூப்பர்-ஜி பந்தயத் தங்கத்தை 0.04 விநாடியில் தவறவிட்டு வெள்ளியோடு வந்தார். ஆக, குடும்பக் கணக்கில் இன்னும் 0.02 விநாடி கடன் பாக்கி.