இன்னும் தலை நிற்கவில்லை

வளைகாப்பு முடிந்த மறுவாரம் நானும் மனைவியும் வகுப்புக்குப் போனோம். தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, ஏ.சி. ஹால், தம்பதிக்கு 2,000 ரூபாய். 'பெற்றோராகப் போகிறவர்களுக்குக் குழந்தை நலப் பயிற்சி' என்று வாசலில் பேனர். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிரசவம் இனிமேல்தான், பில்லும் இனிமேல்தான்.

பாடம் நடத்திய சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தூங்கும்போது மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலையணை, மெத்து பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. ரப்பர் பொம்மையைத் தூக்கிக் காட்டினார். அதன் தலை தொங்கியது. "இன்னும் தலை நிக்கல பாருங்க, ஒரு கை எப்பவும் பிடரியில இருக்கணும்."

ஒரு வயது வரை தேன் கூடாது என்றதும் பின்வரிசை மாமியார் ஒருவர் எழுந்துவிட்டார். "எம் புள்ளைக்குத் தேன் தொட்டுத்தான் சேனை வச்சேன். இப்ப இஞ்சினியரா இல்லையா?" பக்கத்தில் இஞ்சினியர் நெளிந்தார். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், பச்சைப்பிள்ளையின் குடலில் அது நஞ்சு கக்கினால் நரம்பும் தசையும் செயலிழக்கும் என்று சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

அடுத்து வந்தார், டை கட்டிய இளைஞர். ஸ்டெம்செல் வங்கி. அவருக்கு நாற்பது நிமிடம். தொப்புள்கொடி ரத்தத்தை இப்போதே சேமித்தால் பிள்ளைக்கு நாளை எந்த நோய் வந்தாலும் கவலையில்லையாம். தவணை வசதியும் உண்டாம். சொந்த உபயோகத்துக்கென்று இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு என்றால் அந்த ரத்தத்திலும் அதே கோளாறுதானே இருக்கும்? கேட்டேன். "நெகட்டிவா யோசிக்காதீங்க சார், பேபிக்கு ஆகாது" என்றார். ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. சொந்தப் பிள்ளைக்குக் காசு எண்ணுகிற கஞ்சப்பயல்!

கிளம்பும்போது ஆளுக்கொரு பை. உள்ளே சோப்பு, பவுடர், ஒரு பால்புட்டி, சின்னதாக ஒரு பால்பவுடர் டப்பா. 1992-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது: கர்ப்பிணிக்கும் தாய்க்கும் பால்பவுடரையோ புட்டியையோ சாம்பிளாகக் கொடுக்கக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. அதனால்தான் கரடிக்குட்டி சிரிக்கிறது. 'தாய்ப்பாலே சிறந்தது' என்று அச்சிடவும் வேண்டும். சிகரெட் அட்டையில் புற்றுநோய்ப் படம் மாதிரி, அச்சிட்டுவிட்டு விற்கலாம். சாம்பிள் தடையை மீறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம்! அந்த ஆஸ்பத்திரியில் ஏ.சி. ரூமின் ஒருநாள் வாடகை.

"சிஸ்டர், ஆறு மாசம் தண்ணிகூட வேண்டாம்னீங்களே, இது எதுக்கு?"

அவர் பையைப் பார்க்கவில்லை. "ஒரு எமர்ஜென்சிக்கு சார். சிசேரியன்னா அம்மா மயக்கமா இருப்பாங்கல்ல."

சிலர் இருக்கலாம்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் இன்னும் அதிகம். முதலில் வயிற்றைக் கிழி, பிறகு மயக்கத்தைக் காட்டிப் புட்டியை நீட்டு. கடைசியில் 'தாய்க்குப் பால் ஊறவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுது. ஊறாத பழியும் அவளுக்கே.

அந்த ஒரு மணி நேரத்தில் 'அம்மாதான் கவனமா இருக்கணும்' என்று ஆறு தடவை சொன்னதை எண்ணினேன். அப்பாக்கள் கார் பார்க்கிங்கைக் கவனித்துக்கொண்டால் போதும். இருக்கட்டும், எல்லாக் கவனமும் அவளுடையதாகவே இருக்கட்டும். 2024 நவம்பரில் ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தை வார்டு எரிந்து அன்றிரவே பத்துப் பிஞ்சுகள் போனார்களே, அந்த அம்மாக்கள் எந்தப் பாடத்தைக் கவனிக்காமல் விட்டார்கள்? 2025-ல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காய்ச்சிய இருமல் மருந்தை மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாவில் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம், இருக்கலாம் என்ற அளவு 0.1. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சிறுநீரகம் நின்றுபோனது. சேனை வைத்த கிழவியைத் திருத்த மூன்றாவது மாடியில் வகுப்பு நடக்கிறது. அந்த மருந்து ஆலைக்குப் போய் எட்டிப்பார்க்க வேண்டிய ஆபீசரை எந்த மாடியில், எந்த ரப்பர் பொம்மையை வைத்துத் திருத்துவது?

மருந்துப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வை என்பதும் அன்றைய பாடம்தான். மனைவி நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

இப்போது ஒன்பதாம் மாதம். டை கட்டிய இளைஞர் தினமும் காலை பத்தரைக்குக் கூப்பிடுகிறார். "சார், டெலிவரி டேட் எப்போ? இந்த வாரம் மட்டும் ஆஃபர் இருக்கு." அவருக்கு நான் நம்பர் கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்தான் எழுதிக் கொடுத்தேன். பால் கட்டிக்கொண்டால் கூப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரி ஒரு நம்பர் கொடுத்திருக்கிறது. சோதித்துப் பார்க்கலாமே என்று நேற்று அடித்தேன். பில்லிங் கவுண்டரில் எடுத்தார்கள்.