சர்க்கரைக்குப் போன இலை

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உப்பளத்துப் பக்கம் இறங்கினால், பாத்திக்கு அப்பால் மணல் மேட்டில் நித்யகல்யாணி பூத்துக் கிடக்கும். சுடுகாட்டிலும் அதேதான். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இந்த அநாதைச் செடிதான் புற்றுநோய் மருத்துவத்தில் பெரிய பதவிக்குப் போனது. அதுவும் வேறு வேலைக்கு மனுப்போட்டு!

பூர்வீகம் மடகாஸ்கர். கப்பலேறிப் போன ஊரிலெல்லாம் 'சர்க்கரைக்கு நல்லது' என்று பெயர் வாங்கி வைத்திருந்தது. (சர்க்கரைக்கு நல்லதென்று யாரும் சொல்லாத இலை எது இருக்கிறது?) 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் 25 இலைகளை உறையில் போட்டுக் கனடாவிலிருந்த கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். நோபிள் பாவம், ராசியில்லாத மனுஷன். 1921-ல் இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு யார் முதலில் உதவிக்குப் போவது என்று இவரும் பெஸ்டும் காசு சுண்டிப் பார்த்ததாகவும், இவர் தோற்றதாகவும் ஒரு கதை உண்டு. பெஸ்ட் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டார். நோபிளுக்கு முப்பது வருஷம் கழித்து ஒரு கவர் இலை! அதையும் தம்பி ராபர்ட்டிடம் தள்ளிவிட்டார்.

தம்பி இலைச் சாற்றை எலிக்குப் புகட்டினார். சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினார். அப்போதும் அசையவில்லை, எலிதான் செத்தது, உடம்பெல்லாம் சீழ்பிடித்து. நம்மூர் வைத்தியராக இருந்தால் செய்வினை என்று சொல்லிக் கடையைச் சாத்தியிருப்பார். இவர் எலியின் ரத்தத்தைப் பார்த்தார். வெள்ளணுக்கள் அதலபாதாளத்தில் கிடந்தன. வெள்ளணு தறிகெட்டுப் பெருகுவதுதானே ரத்தப் புற்று?

அப்புறம் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் சாற்றை அலசி அலசி வின்பிளாஸ்டினைப் பிரித்தார். 1958-ல் சேதி வெளியானது. அதே சமயம் அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியும் (பெயரைப் பாருங்கள்!) சர்க்கரை மருந்து தேடித்தான் இதே செடியில் விழுந்தது. வின்பிளாஸ்டினுக்குத் தம்பியாக இதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின் 1963-ல் சந்தைக்கு வந்தது.

இது செய்யும் வேலை விஷமத்தனமானது. உயிரணு இரண்டாகும்போது குரோமோசோம்களை ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொள்ள நுண்ணிய இழைகள் வேண்டும். அந்த இழைகளைக் கட்டவிடாமல் செய்துவிடும். பாகப்பிரிவினை நாளன்று அளவுச் சங்கிலியை ஒளித்துவைத்த கணக்குப்பிள்ளை மாதிரி. பிரிய முடியாமல் அணு அப்படியே மாளும். அடிக்கடி பிரியும் நல்ல அணுக்களுக்கும் அடி விழும். முடி கொட்டுவது அதனால்தான்.

இன்று வின்கிறிஸ்டினைச் சின்ன சலைன் பையில் கலந்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். சிரிஞ்சில் வைத்திருந்து இடம்மாறித் தண்டுவடத்தில் ஏற்றினால் உயிரே போகும் என்பதால், பையில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சலைன் என்றால் 100 மில்லி நீருக்கு 0.9 கிராம் உப்பு. ஆக உப்பும் நித்யகல்யாணியும்: பையில் இருப்பது முழுக்க மரக்காணத்துச் சரக்கு! ஆஸ்பத்திரி உப்பு வேறு, அளத்து உப்பு வேறு என்று மருந்தாளுநர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உடனே மேட்டில் பறித்து அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும். உங்கள் டம்ளரில் மருந்து இருக்காது, விஷம் இருக்கும். ஆறாத வாய்ப்புண்ணோ மார்பில் கட்டியோ தெரிந்தால், தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர். வடக்கே போனால் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. முதலில் வருகிற பஸ்ஸில் ஏறுங்கள்.