தூக்குக்குண்டு கணக்கு

ஏலே பேராண்டி, தீபாவளிக்கு ஓமலூர்ல இருந்து பிளேன்ல வாரேன்னு சொல்லுத. போன்ல தட்டிப் பாத்தியாமே. சேலம் ஏர்போர்ட்டுக்கும் தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கும் 340 கிலோமீட்டராம், முக்கா மணி நேரமாம். உங்க ஆச்சிகிட்டச் சொன்னேன். அவ இப்பமே உலைக்கு அரிசி களைய எந்திச்சுட்டா.

உன் கணக்க நான் குத்தம் சொல்லல. நம்ம ஊரு வாத்தியார் மேப்ப விரிச்சுக் காட்டுனாரு. ரெண்டு எடமும் 78-ஆவது தீர்க்கரேகைய ஒட்டித்தான் கெடக்கு. நாப்பது வருசம் கொத்துவேல பாத்தவன் சொல்லுதேன், சேலம் ஏர்போர்ட்டு இருக்க காமலாபுரத்துல நின்னு தூக்குக்குண்ட விட்டா நூலு நேரா தூத்துக்குடி ஏர்போர்ட்டு இருக்க நம்ம வாகைக்குளத்துலதான் வந்து நிக்கும். ஏடிஆர்னு ரெக்கையில காத்தாடி வச்ச பிளேன் மணிக்கு 500 கிலோமீட்டர் போவும். வகுத்துப் பாரு, 41 நிமிசம். ஏற, எறங்க, தரையில ஊரன்னு இன்னொரு கால் மணி போட்டுக்க.

எல்லாம் சரிதாம்லே. அந்த நூலு மேல ஓடுத பிளேன் எங்க?

நீ சேலத்துல ஏறி மெட்ராஸ் போவணும், 265 கிலோமீட்டர். அங்கன பெட்டியக் கட்டிக்கிட்டு கொட்டாவி விட்டுட்டு, மறு பிளேனுக்குக் காத்துக் கெடந்து, இங்கன வர இன்னொரு 525. தலையச் சுத்தி மூக்கத் தொடுததுன்னா இதாம். பஸ்ஸுல ராத்திரி ஏறுனா நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரைன்னு வாயப் பொளந்து தூங்கிக்கிட்டே விடியக்காலம் வந்து சேந்துருவ. ஆனா பஸ்ஸுல வந்தேன்னு சொன்னா ஊர்ல எவன் திரும்பிப் பாப்பான்?

அதுலயும் சேலத்துப் பிளேன் நம்ம கரிசக்காட்டு மழை மாதிரிலா. 2018ல மெட்ராசுக்கு விட்டாங்க, 2021ல நின்னு போச்சு, 2023ல மறுக்க வந்துச்சு. டிக்கெட்ட போடுததுக்கு முந்தி இன்னைக்குப் பிளேன் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டுக்க.

நம்ம பக்கத்து ஏர்போர்ட்டுல கொறையில்ல. 1,350 மீட்டர் ஓடுபாதைய ரெண்டு மடங்குக்கும் மேல நீட்டியாச்சு. 2025 ஜூலையில பிரதமர் வந்து புதுக் கட்டடத்தத் தொறந்து வச்சாரு. நானும் வெளிய நின்னு ஒத்தக்கண்ண மூடிப் பாத்தேன், மூல மட்டமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. தூத்துக்குடி டவுன்காரன் பிளேன் ஏற நம்ம பக்கத்துக்குல்லா வரணும்! அந்த மட்டுக்கு ஓமலூர்ல நீயும் இங்கன நானும் ஏர்போர்ட்டு வாசல்லயே கெடக்கோம், நடுவுலதான் வழியில்ல.

சரி, மெட்ராஸ் சுத்தியே வா, நான் தடுக்கல. சன்னலோரமாக் கேட்டு வாங்கிக்க. பிளேன் தாழ எறங்கையில நம்ம வீட்டு மொட்டமாடி தெரிஞ்சா நல்லா உத்துப் பாரு. தட்டோடு பதிக்கையில தண்ணி வாட்டம் தெக்காம வச்சேனா, வடக்காம வச்சேனான்னு உங்க ஆச்சிக்கும் எனக்கும் முப்பது வருசமாச் சண்ட. தண்ணி எந்த மூலையில கட்டி நிக்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லு, அவகிட்ட மூச்சு விடாத.