தலைக்கு எவ்வளவு?

உறவினர்கள் சேர்ந்து தீம் பார்க் போவதென்று தீர்மானமாகிற தினத்தில் அவர்களுக்குள்ளே பெருக்கெடுக்கும் பிரியத்தைக் கண்ணால் கண்டவர்கள், இதே ஜனங்கள் ஊர் திரும்பிய மறு வாரம் ஒரு டோல்கேட் ரசீதை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கோயில் யாத்திரையில் இத்தகைய விபத்து நேருவதில்லை. அங்கே செலவு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் பங்குபோட்டால் புண்ணியமும் பங்குபட்டுவிடுமோ என்ற அச்சத்தால் ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு கொடுக்கிறார்கள். கேளிக்கைப் பூங்காவில் புண்ணியம் கிடைப்பதாக எந்தப் புராணமும் சொல்லவில்லையாதலால், அங்கே ஆளுக்கு ஆள் பிந்திக்கொள்கிறார்கள்.

நம்மவர்களின் கௌரவம் பூரணமாகப் பிரகாசிக்கிற இடம் டீக்கடை. சேலத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எங்கள் வேன் வாளையாறு தாண்டுமுன் சாலையோரம் நின்றது. பதினான்கு பேருக்கு டீயும் இரண்டு தட்டு வாழைக்காய் பஜ்ஜியும் ஆனபின், என் அண்ணனும், மைத்துனரும், பிரம்மசாரியான என் சிநேகிதரும் கல்லாவை நோக்கி ஓடிய ஓட்டத்தில், ஒருவர் சட்டைப் பையை மற்றவர் பற்றி இழுத்து, "நான் இருக்கறப்போ நீங்க குடுக்கறதா மாப்பிள்ளை? கையை எடுங்க!" என்று கூச்சலிட, கடைக்காரர் கைகலப்பு என்றே எண்ணிக் கண்ணாடிப் பாட்டில்களை உள்ளே நகர்த்திக்கொண்டார். அதே மூவர், மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கில் கணக்குப் போடுகிற டிக்கெட் ஜன்னலுக்கு எதிரில் வந்து நின்றதும், ஒருவருக்கு அவசரமாகத் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. ஒருவர் பூங்காவின் வரைபடத்தை ஆழ்ந்து பரிசீலிக்க ஆரம்பித்தார். மூன்றாமவர் ஷூ நாடாவை முடிவதற்காகக் குனிந்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

முற்காலத்தில் இந்தச் சங்கடம் இவ்வளவு முற்றியிருக்கவில்லை. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு ராட்டினம் தனிச் சீட்டு. ஏறினவன் கொடுத்தான், ஏறாதவன் கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். 1955-இல் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி திறந்துவைத்த டிஸ்னிலாந்திலும் ஆதியில் இதே முறைதான்: வாசலில் சொற்பக் கட்டணம், உள்ளே விளையாட்டுக்கு ஏற்றபடி ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். 1959-இல் வந்து சேர்ந்த ஈ சீட்டு ஆகச் சிறந்த விளையாட்டுகளுக்கு உரியது என்பதால், அதற்குத்தான் பிள்ளைகள் பறந்தார்கள். 1982-இல் அந்தச் சீட்டுப் புத்தகங்களை ஒழித்துவிட்டு, ஒரே கட்டணம், உள்ளே எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். இன்று நம் பக்கத்துப் பெரிய பூங்காக்களிலும் அதுவே வழக்கம். கொச்சிக்கு அருகே 2000-இல் வீகாலாந்து என்று ஆரம்பித்துப் பின்னர் வொண்டர்லா என்று பெயர் மாறிய பூங்காவும் அப்படித்தான். வியாபார ரீதியில் இது சாமர்த்தியமான ஏற்பாடாக இருக்கலாம். குடும்ப ரீதியில் இதைப்போல் கலகம் விளைவிப்பது வேறில்லை.

ஏனெனில் எங்கள் அத்தை எதிலும் ஏறுவதில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சைத் தேர்ந்தெடுத்து, பதினான்கு பேரின் பைகள், கைக்கடிகாரங்கள், கண்ணாடிகள், ஒரு பால்புட்டி, இரண்டு ஜோடிக் கொலுசு ஆகியவற்றைச் சுற்றிலும் பரப்பி வைத்துக்கொண்டு, மாலை வரையில் அந்த ஸ்தானத்தை விட்டு அசையமாட்டார். அவருடைய டிக்கெட்டை யார் கணக்கில் எழுதுவது? அவர் அண்ணனுடன் வசிப்பவர் என்பதால் அண்ணன் கணக்கில் சேரவேண்டும் என்பது மைத்துனரின் கட்சி. ஊஞ்சலில்கூட உட்காராதவருக்குப் பங்கே கிடையாது, எல்லாரும் சேர்ந்து ஏற்கவேண்டும் என்பது அண்ணியின் கட்சி. என்னைக் கேட்டால், அன்றைய தினத்துக்கு அத்தைக்கு நாம் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயம் இதைவிடச் சிக்கல். ரயில்வேக்காரர்கள் ஐந்து வயதுக்குக் கீழே இலவசம் என்று ஒரு விதியை வைத்ததன் பயனாக, நம் தேசத்தில் எண்ணற்ற குழந்தைகள் தொடர்ந்து மூன்று வருஷ காலம் நான்கு வயதிலேயே இருந்து வந்திருக்கின்றன. டிஸ்னிலாந்துக்காரர்கள் இன்றும் வயதைத்தான் நம்புகிறார்கள். மூன்று வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை, பத்து வயதானால் பெரியவர். வொண்டர்லாக்காரர்கள் நம்மை நன்றாக அறிந்தவர்கள். வயதைப் பெற்றோர் சொல்லவேண்டும், உயரத்தைச் சுவரே சொல்லிவிடும் என்று கண்டு, 85 சென்டிமீட்டருக்கு உட்பட்டால் இலவசம், 140-ஐத் தாண்டினால் முழு டிக்கெட் என்று அளவுகோலை நாட்டிவிட்டார்கள்.

என் மருமகன் ஆறாம் வகுப்பு, சற்று வளர்த்தியானவன். அளவுகோலை நெருங்கும்போதே அவன் தாயார் காதோடு, "கண்ணு, முழங்காலை லேசா மடக்கிக்கோ, தலையைக் குனிஞ்சுக்கோ" என்று உபதேசித்தாள். அவனும் நல்ல பிள்ளையாகக் கூனிக் குறுகி நின்றான். காவலாளி, "நேரே நில்லு மோனே" என்றார். மோன் நேரே நின்றும் தலைமுடி படிந்திருந்ததால் ஒரு விரற்கடை தப்பிவிட்டது, குழந்தை டிக்கெட். அந்த வெற்றிப் பெருமிதம் பகல் பன்னிரண்டு மணி வரையில் நீடித்தது. அப்புறம் தலைகீழாகச் சுழற்றுகிற பெரிய ராட்டினத்தின் வாசலில் இன்னோர் அளவுகோல் எதிர்ப்பட்டது. அங்கே கோட்டுக்கு மேலே இருந்தால்தான் அனுமதி. காலையில் குனியச் சொன்ன அதே தாய் இப்போது, "எக்கி நில்லுடா! மூச்சை இழுத்துப் பிடி!" என்று உத்தரவிட்டதுடன், பிள்ளை வீட்டுச் சுவரில் 141 இருக்கிறான், இங்கேதான் அளவுகோல் பிசகு என்று வாதாடவும் செய்தாள். விதியை மீற ஊழியர் இணங்கவில்லை. பையன் ராட்டினத்தையும் இழந்து, மாலையில் செலவைப் பங்குபோடும்போது முழு ஆளாகவும் எண்ணப்பட்டான்.

பங்கு என்று வந்தால் உலகில் மூன்று சித்தாந்தங்கள் இருக்கின்றன. அதிகக் குழந்தைகளைப் பெற்றவர்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்பார்கள். குறைவாகப் பெற்றவர்கள் தலைக்கு இவ்வளவு என்பார்கள். சம்பாதிப்பவர் எவரோ அவர் கொடுக்கட்டும் என்பது சம்பாதிக்காதவர்களின் அபிப்பிராயம். குடும்பக் கணக்கு வென்றால் பலியாகிறவர் பிரம்மசாரி. எங்கள் சிநேகிதர் ஒற்றை ஆள். ஆனாலும் "மூணு குடும்பம், நீங்க ஒண்ணு, ஆக நாலு பங்கு" என்று மைத்துனர் வெகு சுலபமாக அவருக்கு இல்லாத சம்சாரத்தை ஏற்படுத்திக் கொடுத்துவிட்டார்.

வேன் வாடகையில் இன்னும் நுட்பமான தர்க்கம் எழுந்தது. பன்னிரண்டு பேர் வரையில் சிறிய வண்டி போதும். பதின்மூன்றாவது ஆள் சேர்ந்ததும் பெரிய வண்டி, கூடுதல் டீசல், கூடுதல் பர்மிட் செலவு. அந்தப் பதின்மூன்றாவது ஆள் யார்? அமெரிக்கக் கணித நிபுணர் லாய்ட் ஷாப்லி 1953-இலேயே இதற்கு விடை கண்டுவிட்டார். ஆட்கள் எந்தெந்த வரிசையில் வந்து சேர்ந்திருக்கக்கூடுமோ அத்தனை வரிசைகளையும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒருவரால் கூடிய செலவைக் கணித்து, சராசரி எடுத்தால் அதுவே அவருடைய நியாயமான பங்கு. 2012-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பதினான்கு பேருக்கு அப்படிப்பட்ட வரிசைகள் 8,717 கோடிக்கும் மேல் ஆகின்றன என்பதால், ஷாப்லி எங்கள் வேனில் வந்திருந்தாலும் திருச்சூருக்குள் முடித்திருக்கமாட்டார். மேலும், அவர் முறைப்படி ஏதாவதொரு வரிசையில் ஒவ்வொருவரும் பதின்மூன்றாவது ஆள் ஆகிவிடுகிறார்கள். இதை என் அண்ணியிடம் சொல்லிப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். வெளி உணவுக்கு உள்ளே அனுமதியில்லை என்பதால், விடியற்காலை எழுந்து கிளறிய புளியோதரை வேனிலேயே டிரைவருக்குத் துணையாக அமர்ந்திருக்க, நாங்கள் உள்ளே உணவகத்தில் உட்கார்ந்தோம். மொத்தத்தைச் சமமாகப் பிரிப்பது என்ற அறிவிப்பு வந்த கணத்தில், காலைமுதல் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மைத்துனருக்கு ஆரோக்கியம் திரும்பியது. பிரியாணி, அதன்மேல் ஒரு வறுவல், அதன்மேல் ஐஸ்கிரீம். அவரைத் தனித்துக் குறை சொல்வதற்கில்லை. இஸ்ரேலின் ஹைபா நகரத்து உணவகமொன்றில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்துப் பரிசோதித்து, 2004-இல் பொருளாதார அறிஞர்கள் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவரவர் தின்றதற்கு அவரவர் பணம் என்ற மேஜையைவிடச் சமப்பங்கு மேஜையில் அதிகமாகத் தருவித்தார்களாம். முழுவதும் இலவசம் என்ற மேஜையில் அதற்கும் அதிகம். நான் அன்று தயிர்சாதம் சாப்பிட்டேன். ஹைபாவிலும் தயிர்சாதக்காரர் ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணி கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்பதால் உண்டான செலவைப் பற்றியும், நனைந்த வேஷ்டியோடு பெரியப்பா நடத்திய சம்வாதத்தைப் பற்றியும் விவரிக்கப் புகுந்தால் விரியும். லாக்கர் முன்பணத்தை மாத்திரம் சொல்லிவிடுகிறேன். கட்டியவர் ஒருவர், சாயங்காலம் சாவியைக் கொடுத்துத் திரும்பப் பெற்றவர் இன்னொருவர். அவர் முகத்தில் அந்தத் தொகை தமக்குப் பூங்காவார் அளித்த வெகுமதி என்ற பாவம் இன்றளவும் மாறவில்லை.

திரும்பியபின் பிரம்மசாரி சிநேகிதர் ஸ்பிளிட்வைஸ் என்னும் செயலியில் டீசல், டோல், டிரைவர் பேட்டா உள்பட அனைத்தையும் பதிந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று ரூபாய் பைசாவோடு அனுப்பிவைத்தார். "நமக்குள்ள என்னங்க கணக்கு?" என்று உடனே பதில் வந்தது. இவ்வாக்கியத்தை நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். பணம் வரவேண்டியவர் வாயிலிருந்து இது ஒருபோதும் வந்ததில்லை. சில்லறையில்லை என்கிற பழைய சமாதானத்தை 2016-இல் வந்த யுபிஐ ஒழித்துவிட்டதால், பாவம், உறவு முறையைத் தவிர வேறு தஞ்சம் இல்லாமல் போயிற்று. கணக்கு வேண்டாம் என்று சொல்கிற இதே வீடுகளில் இருபது வருஷத்து மொய் நோட்டு பீரோவில் பட்டுத்துணி சுற்றி இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

ஆகவே, வருகிற கோடை விடுமுறையில் கூட்டாகப் போகும் உத்தேசமுள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிநேகிதர்களோடு போனால் அன்றிரவே, வேனை விட்டு இறங்குமுன், கணக்கை முடித்துவிடுங்கள். உறவினர்களோடு போனால் திரும்பி வந்து முடிப்பதென்பது நடவாத காரியம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தலைக்கு இவ்வளவு என்று தாராளமாக நிர்ணயித்து, தாட்சண்யமின்றி வசூலித்து, ராட்டினத்திலும் ஏறாமல் தண்ணீரிலும் இறங்காமல் மரத்தடியில் இருக்கப்போகிற அத்தையின் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள். அவருக்கு டிக்கெட் காசு கேட்காதீர்கள். மிச்சப்பட்டால் அது அவருக்கே.