துரைமார் நடத்திய நரிப் பண்ணை

இங்கிலாந்தில் நரித் தலைக்கு நாடு முழுக்க ரேட் போட்டது முதலாம் எலிசபெத் ராணியின் ஆட்சி. தானியத்துக்கும் கோழிக்கும் எமனாக வரும் ஜந்துக்களின் தலையை ஊர் தேவாலய நிர்வாகியிடம் கொடுத்தால் காசு என்று 1566இல் சட்டம் வந்தது. நரித் தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ். காகத்துக்கும் எலிக்கும் சில்லறைதான். ஒரு கையில் காணிக்கை, மறு கையில் நரித் தலை என்று கோயில் கணக்கு நடந்தது.

அந்தக் காலத்துப் பிரபுவிடம் போய் “நரி வேட்டைக்கு வருகிறீர்களா?” என்று கேட்டிருந்தால் சாக்கடை அள்ளக் கூப்பிட்டதுபோல முறைத்திருப்பார். அவருக்கு மான்தான் வேட்டை. நரியைக் குடியானவன் தடியாலோ வலையாலோ பார்த்துக்கொள்வான்.

பிறகு காடு அழிந்தது. உள்நாட்டுப் போரில் பிரபுக்களின் மான் வனங்கள் சூறையாடப்பட்டன. கையில் குதிரை இருக்கிறது, நாய் இருக்கிறது, பொழுது மலைபோலக் கிடக்கிறது. துரத்தத்தான் எதுவுமில்லை. அப்போதுதான் நரியிடம் அதுவரை யாரும் மெச்சாத ஒரு திறமை இருப்பது துரைமார் கண்ணில் பட்டது. அது நன்றாக ஓடும்.

1753இல் லெஸ்டர்ஷயரில் ஹியூகோ மெய்னெல் என்ற பதினெட்டு வயதுப் பணக்காரப் பையன் வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றுக்குத் தலைவனானான். குவார்ன் வேட்டை என்று பிற்பாடு உலகப் புகழ் பெற்றது அதுதான். அதுவரை நரி வேட்டை என்றால் விடியற்காலைச் சமாச்சாரம். இரவெல்லாம் மேய்ந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு, நடக்க முடியாமல் வளைக்குத் திரும்பும் நரியை மந்தமான நாய்கள் மோப்பம் பிடித்துப் போகும். மெய்னெல் நேரத்தைப் பகலுக்கு மாற்றினார். நரிக்குச் செரித்திருக்கும், ஓட்டம் பிடிக்கும். துரைக்கும் தூக்கம் கலைந்து காலை உணவு முடிந்திருக்கும். இரு தரப்புக்கும் சௌகரியம்.

ஆனால் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கிற நாய் வேண்டுமே? அதற்கான வித்தை பக்கத்திலேயே இருந்தது. குவார்னிலிருந்து கொஞ்ச தூரத்தில், டிஷ்லி பண்ணையில், ராபர்ட் பேக்வெல் என்பவர் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். உறவுமுறை பார்க்காமல் நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்க்கைக்கு விட்டு, சீக்கிரம் கொழுக்கிற, எலும்பு சிறுத்துக் கறி பெருத்த ‘நியூ லெஸ்டர்’ ஆட்டை உருவாக்கிய மனிதர். கிடாவை விற்க மாட்டார், பருவத்துக்கு வாடகைக்கு விடுவார். தன் பழைய ஆடுகளின் எலும்புக்கூடுகளையும் உப்பு நீரில் ஊறும் தொடைகளையும் வீட்டிலேயே வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். மெய்னெல் அந்தச் சூத்திரத்தை நாய்க்குப் பயன்படுத்தினார். ஆடு கொழுத்தது, நாய் வேகமெடுத்தது. இன்றைய இறைச்சிப் பண்ணையும் துரைமார் நரி வேட்டையும் ஒரே பேட்டையில் பிறந்த பங்காளிகள்.

வேகமான நாய் வந்ததும் நரிக்குத் தட்டுப்பாடு வந்தது. பூச்சி மருந்து கம்பெனி பூச்சிக்குப் பஞ்சம் என்று அழுததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கே அது நடந்தது. பிரான்சிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் உயிரோடு நரி இறக்குமதி செய்தார்கள். அவை விலைக்குக் கிடைத்த இடம் லண்டன் லெடன்ஹால் சந்தை. அது கோழிச் சந்தை! கோழி திருடனைக் கோழிக் கடைத் தெருவிலேயே காசு கொடுத்து வாங்கி, சாக்கில் கட்டி, கிராமத்தில் அவிழ்த்துவிட்டார்கள்.

அது போதாதென்று நரி குடியிருக்க முட்புதர்த் தோப்பு வளர்த்தார்கள். செங்கல்லும் குழாயும் வைத்து நிலத்தடியில் வீடு கட்டிக்கொடுத்தார்கள். கோழியைப் பறிகொடுத்த குடியானவன் வாயை அடைக்க வேட்டைச் சங்கங்களில் கோழி நிதி என்று தனிக் கஜானா. அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கோபத்தில் நரியைச் சுட்டுவிட்டானோ, தீர்ந்தான். குதிரை, நாய், சிவப்புக் கோட்டு இல்லாமல் நரியைக் கொல்வதை ஊர்ப் பெரிய மனிதர்கள் கொலைபாதகமாகப் பார்த்தார்கள். அந்தப் பண்ணைகளில் மாட்டைவிட, ஆட்டைவிட, சில இடங்களில் கூலியாளைவிடவும் அக்கறையாகப் பராமரிக்கப்பட்ட கால்நடை நரிதான் என்பது என் கட்சி.

அந்த அக்கறையின் லட்சணத்தையும் பார்த்துவிடலாம். வேட்டைக்கு முந்தின இரவு, லாந்தரும் மண்வெட்டியுமாக ஓர் ஆள் கிளம்புவார். நரி இரை தேடப் போயிருக்கும் நேரம் பார்த்து வளை வளையாகத் தேடி மண்ணும் முள்ளும் வைத்து அடைப்பதுதான் அவர் உத்தியோகம். விடிந்து வீடு திரும்பும் நரிக்குக் கதவு சாத்தியிருக்கும். மறுநாள் ஆட்டம் நீளும். முடிவில் வாலும் தலையும் பாதங்களும் பரிசுப் பொருள். முதல் வேட்டைக்கு வந்த குழந்தையின் கன்னத்தில் நரி ரத்தத்தைத் தடவி ஆசீர்வாதம் செய்வார்கள். நாம் காது குத்துகிறோமே, அதுபோல ஒரு சடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுவது மட்டும் பொது.

சட்டம் என்ன சொன்னது என்பது இன்னும் ருசி. 1786இல் ஒரு வழக்கில், நரி நாசகாரப் பிராணி, அதைக் கொல்ல அடுத்தவன் நிலத்தில் புகுந்தாலும் குற்றமில்லை என்று தீர்ப்பாகியிருந்தது. துரைமாருக்குக் கொண்டாட்டம். 1809இல் எஸ்ஸெக்ஸ் பிரபு தன் நிலத்துக்குள் வேட்டைக் கூட்டம் புகுந்ததாக வழக்குப் போட்டார். பிரதிவாதி வில்லியம் கேப்பல். வேட்டைத் தலைவர், பாதிரியார், போதாக்குறைக்குப் பிரபுவின் சிற்றன்னை மகன். சொத்தும் சொந்தமும் சேர்ந்தால் எந்த நாட்டிலும் கோர்ட்டுதான். கோழியைக் காக்கத்தான் போனோம் என்பது பாதிரியார் தரப்பு. நீதிபதி எல்லென்பரோ பிரபு மசியவில்லை. நீங்கள் போனது பொழுதுபோக்குக்கு, ஆகவே அத்துமீறல் என்று தீர்த்துவிட்டார். அன்றோடு வேட்டை நின்றதா? குத்தகைக்காரன் வழக்குப் போட வேண்டியது தன் நிலச்சுவான்தார் மேல். யார் போடுவார்கள்?

இது சரியா தப்பா என்று படித்தவர்கள் சண்டை போட 1869 ஆனது. சரித்திர ஆசிரியர் ஃப்ரீமன், கொல்வது வேறு, வதைத்து மகிழ்வது வேறு என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் குதிரையிலிருந்து இறங்கிவந்து அதே பத்திரிகையில் பதில் எழுதினார். எழுதிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

நம் ஊட்டிக்கும் இந்த வியாதி வந்தது. மலையில் சிவப்பு நரி இல்லை, ஆகவே நம்மூர் நரியைச் சிவப்புக் கோட்டில் துரத்தினார்கள். வென்லாக் புல்வெளிதான் மைதானம். தலைகள் ஊட்டி கிளப் சுவரில். நரியைப் பரியாக்கியவர் மதுரைச் சொக்கநாதர். பரியேறி நரியைத் துரத்தியதுதான் துரைமார் திருவிளையாடல். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஊர்வலம் விட்டு அதன் முகத்தில் விழிக்கும் வழக்கம் உண்டு. வனத்துறை அபராதம் போடும். கிளப் சுவரில் இத்தனை நரி முகத்தில் விழித்தும் துரைமாருக்கு 1947 தப்பவில்லை.

மறுபடி இங்கிலாந்து. இனி ஆட்டுக்குட்டிக் கணக்கு. அரசு அமைத்த பர்ன்ஸ் பிரபு விசாரணைக் குழு 2000இல், பிழைக்கக்கூடிய ஆட்டுக்குட்டிகளில் நரி கொல்வது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்றது. அடுத்த ஆண்டே கோமாரி நோய் வந்தது. பிப்ரவரியில் வேட்டை நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய பத்து மாதம் நாய்கள் கூண்டில். நரி பெருகி நாடு நாசமாகும் என்று பயந்தவர்களுக்காக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். பெருகவில்லை. அதே ஆண்டில் அரசாங்கம் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றது. கோமாரியில் வளர்ந்த மாடு பெரும்பாலும் சாவதில்லை. தடுப்பூசி போட்டால் ஏற்றுமதி கெடும் என்பதும் ஒரு கவலை. நரிக்காக அழுகிறவர்களும் ஆட்டுக்காக நரியைத் துரத்துகிறவர்களும் அன்று இரவு என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் விசாரணைக் குழு போடவில்லை.

வேட்டை நாய் என்ன சாப்பிட்டது என்பது தெரியும். பண்ணையில் செத்த மாடு, நொண்டி ஆடு, பால் கறக்காத பாவத்துக்காகப் பிறந்த சில நாளில் சுடப்படும் காளைக்கன்று. வேட்டைச் சங்கத்து ஆள் வண்டியோடு வந்து எடுத்துப்போவார். பால்காரருக்குச் செலவு மிச்சம், நாய்க்கு விருந்து. அந்தப் பாலில் போட்ட தேநீரை உறிஞ்சிக்கொண்டே நரியின் உரிமை பேசலாம். பேசினார்கள்.

கடைசியில் 2004இல் தடைச் சட்டம். 2005 பிப்ரவரியில் அமல். நரியை நாய்க் கூட்டம் விட்டுத் துரத்தக் கூடாது, இரண்டு நாய் வைத்துக் கிளப்பிவிட்டுச் சுடலாம். வேட்டைப் பறவையிடம் மாட்டிவிட நாய்கள் கிளப்பினால் இரண்டு என்ற கணக்கும் கிடையாது. உடனே சில சங்கங்கள் கழுகையும் பெரிய ஆந்தையையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டன. எலிக்கும் முயலுக்கும் சட்டத்தில் விலக்கு. அவற்றுக்குச் சிபாரிசு பண்ண ஆளில்லை. சட்டம் கொண்டுவந்த பிரதமர் டோனி பிளேரே பிற்பாடு தன் சுயசரிதையில் வருத்தப்பட்டார்.

இப்போது நடப்பது தடம் பிடிக்கும் வேட்டை. நரி மணம் ஏற்றிய துணியை இழுத்துக்கொண்டு ஒருவர் முன்னால் ஓடுவார். நாய்களும் குதிரைகளும் பின்னால். வழியில் நாய்கள் அசல் நரியைப் பிடித்துவிட்டால் அது விபத்து. இதையும் தடை செய்வோம் என்று தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னது. துணி எந்த வளைக்குள்ளும் ஒளியாது. ஆனாலும் வேட்டைக்குப் பின்னால் வண்டியில் மண்வெட்டியும் டெரியர் நாய்களுமாக ஆட்கள் வருகிறார்கள். எதற்கு என்று கேட்டால், வேலி பழுது பார்க்க என்கிறார்கள்.