பதினொன்றாம் வகுப்பு என்றொரு வதந்தி

தமிழ்நாட்டில் எழுதப்படும் புனைகதைகளில் ஆகச் சிறந்தவை புத்தகக் காட்சிக்கு வருவதில்லை. தனியார் பள்ளிகள் அங்கீகாரம் கேட்டுக் கல்வித் துறைக்கு அனுப்பும் கோப்புகளில் அவை உறங்குகின்றன. கால அட்டவணைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். திங்கள் ஓவியம், செவ்வாய் விளையாட்டு, புதன் நூலகம், வெள்ளி நீதிபோதனை. இப்படியொரு பள்ளியில் படிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நமக்கு ஏக்கம் வரும். இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அதே ஏக்கம்தான்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரைக்குமான பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவில் சொல்கிறது: பிள்ளையின் முழு வளர்ச்சிக்கு உதவ வேண்டும்; அச்சமும் பதற்றமும் இல்லாமல் படிக்க விட வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் என்கிறது 18ஆம் பிரிவு. ஆக, சான்றிதழ் இல்லாமல் பாடம் நடத்தினால் அபராதம். சான்றிதழை மாட்டி வைத்துவிட்டுப் பாடம் நடத்தாமல் இருந்தால்? நல்ல ரிசல்ட் வரும். ஊர் முழுக்க பிளெக்ஸ் வைக்கலாம்.

நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோயின. கோழிப் பண்ணைக்குப் பேர்போன ஊர் என்பதால் மக்களே அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வரும். இரண்டு வருடமும் அதே புத்தகம், அதே கேள்வி, அதே டெஸ்ட். பதினொன்றாம் வகுப்பு என்பது அந்த வளாகத்தில் ஒரு வதந்தி; கட்டண ரசீதில் மட்டும் நிஜம். இந்தத் தொழில்நுட்பம் பிறகு கீழே இறங்கியது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம். இதே காலத்தில்தான், அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி வந்தால் தரம் குறைந்துவிடும் என்று மெட்ரிக் பள்ளி நிர்வாகங்கள் நீதிமன்றப் படியேறின. நடத்தாத பாடத்தின் தரத்துக்காக இவ்வளவு கண்ணீர் விட்டவர்களை உலகம் கண்டிருக்காது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர் பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகும் பெயர்ப்பலகையில் ‘மெட்ரிக்’ அப்படியே தொங்கியது. பாடத்திட்டம் போனால் என்ன, பிராண்ட் போகலாமா?

ஆய்வுக்கு அதிகாரிகள் வரத்தான் செய்கிறார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 2004இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிச் செத்த பிறகுதான் இந்த அரசு பள்ளிக் கூரையை அண்ணாந்து பார்த்தது. பிள்ளையின் நோட்டைக் குனிந்து பார்க்க இன்னும் எத்தனை பேரைப் பலி கேட்கிறது?

சரி, ஒரு நாள் அரசுக்கும் இந்தத் திருட்டு தெரிந்துவிட்டது. என்ன செய்தது? பாடத்தை விழுங்கிய பள்ளிகளின் அங்கீகாரத்தைப் பிடுங்கியதா? அட, அவ்வளவு அவசரப்படலாமா! 2017இல் ஓர் அறிவிப்பு: இனிமேல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு. 2018 மார்ச்சில் தொடங்கியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதினார்கள் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்திய ஆசிரியரின் மாணவியும் சேர்த்து. திருடியவன் நிர்வாகி, பார்த்தும் பாராமல் இருந்தவன் அதிகாரி, தண்டனை மட்டும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு. பிறகு 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது. அந்தத் தேர்வு ரத்தானது. பிள்ளைகளுக்கு மன அழுத்தமாம்! அழுத்தியது யார் என்று மட்டும் எந்த அரசாணையும் சொல்லவில்லை.

மாநிலப் பாடத்திட்டம்தான் இப்படி என்று நினைத்து சி.பி.எஸ்.இ. பக்கம் ஓடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. அங்கே ‘டம்மி பள்ளி’ என்று தனி இனமே உண்டு. பெயர் பள்ளியில், ஆள் கோச்சிங் சென்டரில். 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் இணைப்பை வாரியம் ரத்து செய்தது. நம்மவர்கள் இன்னும் நாகரிகமானவர்கள்; கோச்சிங் சென்டரையே பள்ளிக்குள் கொண்டுவந்து ‘இன்டகிரேட்டட்’ என்று பெயரிட்டுத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். விளையாட்டு பீரியட் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

பெற்றோருக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதே பிள்ளைக்கு ஓவியம், விளையாட்டு என்று எதுவும் தலையில் ஏறிவிடக் கூடாது என்பதற்குத்தான்.

இத்தனைக்கும் இந்தப் பாடத் திருட்டைப் பிடிக்கக் கமிட்டியும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பறைக்குள் நுழைந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டைக் கேட்டால் போதும். உங்கள் பி.டி. வாத்தியார் பெயர் என்ன என்று அடுத்த பிள்ளையிடம் கேட்டால் போதும். நோட்டு வெள்ளையாக இருந்தால், பெயர் தெரியாமல் பிள்ளை விழித்தால், அந்தப் பள்ளியின் அங்கீகாரத்தை அங்கேயே ரத்து செய்யலாம்.

நடக்காது. ஆய்வுக்குப் போகும் அதிகாரிக்கு அடுத்த ஜூனில் தன் மகனுக்கு அதே பள்ளியில் ஒரு சீட் வேண்டியிருக்கிறது.