மருமவனே, அந்தப் பெட்டியைப் பல்லைப் பிடிச்சுப் பாரும்

வாரும் மருமவனே, உக்காரும். ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கப் போறீராமே, எம் மவ போன்ல சொன்னா. அவ குரல்ல பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பெருமை எதுக்குன்னுதான் புரியல. எங்க, அந்த விளம்பரத்தைக் காட்டும் பாப்போம். 8கே, 8 ஜிபி ராம், 128 ஜிபி இடம், ஆண்ட்ராய்டு 13, ஆயுசு முழுக்க எல்லாச் சேனலும் இலவசம், விலை ரெண்டாயிரத்துச் சொச்சம். ஆகா! இவ்வளவு பெரிய மனசுக்காரன் எந்த ஊர்ல இருக்கான்வே?

நான் படிக்காத ஆளு. ரேடியோ ரிப்பேர் கடையில ஈயப் புகையை முழுங்கியே காலத்தைக் கழிச்சவன். நீரு பட்டம் வாங்குனவரு. இருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகம். உங்க வீட்டுக் கூடத்துல தொங்குறது 32 இஞ்ச், எச்டி ரெடி. குறுக்க 1366 புள்ளி, நெடுக்க 768. 8கே படம்னா குறுக்க மட்டும் 7680 புள்ளி. மிச்சப் புள்ளியை எங்கன வச்சுப் பாக்கப் போறீரு, அடுப்பங்கரையிலயா?

சரி, டிவியையும் மாத்திருவீரு, மாமனார் வீடு இருக்கவே இருக்கு. அப்பவும் வராதுவே. 8கே படம் 60 ஃபிரேம்ல போவணும்னா எச்டிஎம்ஐ 2.1 வேணும், அது 48 ஜிகாபிட். இந்த மாதிரிப் பெட்டிக்குப் பின்னாடி இருக்குறது பெரும்பாலும் 2.0, அதுல 18 ஜிகாபிட்தான் போவும். 4கேயோட அதுக்கு மூச்சு முட்டிரும். அட்டையில 8ன்னு அச்சடிக்க மை இருந்தாப் போதும்லா!

சந்தையில மாடு பிடிக்கப் போறவன் கொம்புல பூசுன வர்ணத்தைப் பாத்தா விலை பேசுவான்? பல்லைப் பிடிச்சுல்லா பாப்பான். நீரு செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தேன், 8 ஜிபின்னே காட்டுதேன்னு சொல்லுவீரு. காட்டத்தான் செய்யும். அப்படிக் காட்டுன்னு எழுதி வச்சுத்தானே பெட்டியை ஒட்டுதான். உள்ள 2 ஜிபி கிடக்கும். ஆண்ட்ராய்டு 10ஐ 13ன்னு காட்டுறதும் அதே கைவேலைதான். 128 ஜிபி நெசமான்னு பாக்கணும்னா, பெரிய பெரிய படமாக் காப்பி பண்ணி நெரப்பும். அப்புறம் முதல்ல போட்ட படத்தை ஓட்டிப் பாரும். ஓடலைன்னா ஒமக்கே விளங்கிரும்.

2020ல ஷாவ்மிக்காரன் நம்ம நாட்டுல மீ பாக்ஸ் 4கேன்னு ஒண்ணு விட்டான், 3,499 ரூபாய். ராம் 2 ஜிபி, இடம் 8 ஜிபி. ஒம்ம விளம்பரத்துப் பெட்டி பக்கத்துல வச்சா பாக்கவே பாவமா இருக்கும். ஆனா நெட்ஃபிளிக்ஸ் அதுல ஒழுங்கா ஓடும். ஏன்னு கேளும்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம்காரங்க எல்லாம் படத்தைப் பூட்டித்தான் அனுப்புதாங்க. அந்தப் பூட்டு கூகுளோட வைட்வைன். அதைச் சிப்புக்குள்ளேயே பத்திரமாத் திறக்கத் தெரிஞ்ச பெட்டிக்கு எல்1ன்னு பேரு. வெறும் மென்பொருளை வச்சுத் திறக்குறது எல்3. எல்3 பெட்டியை நம்பி நல்ல படத்தைக் கொடுக்க மாட்டாங்க, பொதுவா 480 வரியோட நிறுத்திருவாங்க. நெட்ஃபிளிக்ஸுக்கு எல்1 மட்டும் இருந்தாலும் பத்தாது, தன் பங்குக்கு அவனும் தனியாப் பாத்து முத்திரை குத்தணும். கடைக்காரன் "ஆப் திறக்குது பாருங்க சார்"ம்பான். திறக்கும்வே, யாரு இல்லைன்னா? மாசாமாசம் 4கேக்குப் பணம் கட்டிட்டு, பழைய விசிடி மாதிரி மங்கலாப் பாக்கலாம். டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு ஆப் இருக்கு. போட்டா எல்1ஆ எல்3ஆன்னு உடனே சொல்லிரும்.

இன்னொண்ணு. ஆண்ட்ராய்டு வேற, ஆண்ட்ராய்டு டிவி வேற. டிவிக்குன்னே கூகுள் 2014ல கொண்டாந்தது ரெண்டாவது. ஒம்ம பெட்டியில இருக்குறது போனுக்குச் செஞ்சது. ரிமோட்டை அசைச்சா திரையில ஒரு அம்பு அலையும். மாவு பிசைஞ்ச கையோட எம் மவ அந்த அம்பைத் துரத்திட்டுத் திரியணும். சீரியல் முடிஞ்சிரும்.

கடையில ஓட்டிக் காட்டச் சொன்னா அவன் தேனீயும் பூவுமா ஒரு வீடியோ போடுவான், மயங்கிராதேயும். நியூஸ் சேனலைப் போடச் சொல்லும். கீழ ஓடுற எழுத்து வழுக்கிட்டுப் போவுதா, விக்கி விக்கிப் போவுதான்னு பாரும். சினிமா நொடிக்கு 24 படம், நம்ம ஊர் ஒளிபரப்பு 25, 50 கணக்கு. பெட்டி எல்லாத்தையும் 60க்கே தள்ளுனா கணக்கு ஒத்து வராது. சினிமான்னா ஒரு படத்தை மூணு தரமும் அடுத்ததை ரெண்டு தரமும் காட்டிச் சமாளிக்கும். கேமரா பைய நகருற இடத்துல எல்லாம் கண்ணு உறுத்தும். படத்துக்குத் தக்கன ஃபிரேம் ரேட்டை மாத்துற வசதி செட்டிங்ஸ்ல உண்டான்னு கேளும். பொறவு யூடியூப்ல 4கே ஒண்ணைப் போட்டு, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்'ஐத் தட்டுனா எத்தனை ஃபிரேம் விட்டுப் போச்சுன்னு எண்ணிக் காட்டும். யூடியூப் இப்ப ஏவி1ங்குற வீடியோச் சுருக்கு முறையில நெறைய அனுப்புது. அம்லாஜிக் எஸ்905எக்ஸ்4 சிப்பு அதைத் தாங்கும், எக்ஸ்3 தாங்காது. பேருல ஒரு எண்ணுதான் வித்தியாசம். கடைக்காரன் அதைச் சொல்ல மாட்டான்.

இணையக் கேபிள் சொருகுற ஓட்டை 100 மெகாபிட்தானேன்னு மட்டும் வருத்தப்படாதேயும். நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேக்குறதே 15தான்.

இப்ப அந்த இலவசத்துக்கு வாரேன். 2023 ஜனவரியில டேனியல் மிலிசிச்னு கனடாக்காரர் ஒருத்தர், டி95ன்னு ஒரு பெட்டி வாங்கிக் குடைஞ்சு பாத்தாரு. புதுப்பெட்டி, உள்ளே மால்வேர் ஏற்கெனவே குடித்தனம் பண்ணிட்டிருக்கு. அதே வருசம் அக்டோபர்ல ஹ்யூமன் செக்யூரிட்டிங்குற கம்பெனி இப்படி மால்வேர் புகுந்த பெட்டிகளோட வலை எவ்வளவு பெருசுன்னு காட்டிச்சு. பேட்பாக்ஸ்னு பேரு வச்சாங்க. 2024 டிசம்பர்ல ஜெர்மனி அரசு தன் நாட்டுல மட்டும் அந்த மால்வேர் புகுந்த 30,000 கருவிகளுக்கும் அதை ஆட்டிவைக்கிறவனுக்கும் உள்ள தொடுப்பை அறுத்துவிட்டுது. 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐயே எச்சரிக்கை விட்டுது. இலவசமா எல்லாம் தெரியும்னு ஆசை காட்டுற பெட்டி, கூகுளோட பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்டை அணைச்சு வைன்னு சொல்ற பெட்டி, இதையெல்லாம் சந்தேகப்படுன்னு எழுதியிருக்காங்க.

அந்த மால்வேர் என்ன செய்யும்ங்கீரா? நீரு படுத்துத் தூங்கும்போது அது யாருக்கும் தெரியாம விளம்பரத்தைக் கிளிக் பண்ணிச் சம்பாதிக்கும். ஒம்ம இணைய லைனை வெளியாளுக்கு வாடகைக்கு விடும். எங்கயோ ஒருத்தன் பண்ணுற களவாணித்தனம் ஒம்ம வீட்டு ஐபி விலாசத்துல பதிவாவும். சைபர் கிரைம்காரங்க வந்து உக்காந்தா எம் மவதானே காப்பி போடணும்? ஃபேக்டரி ரீசெட் பண்ணாப் போயிரும்னு நெனைக்காதேயும். ஃபர்ம்வேர்லேயே ஊறிக் கிடக்குறது அதுல போவாது. வைஃபையில ஒம்ம போனும், பேங்க் கணக்கு பாக்குற லேப்டாப்பும் அதே பெட்டியோடதான் இருக்கு, அதையும் யோசிச்சுக்கிடும்.

இதுக்கு மேல ஒம்ம இஷ்டம். வாங்கித்தான் தீரணும்னா, கூகுளோட ஆண்ட்ராய்டு டிவி தளத்துல கூட்டாளிக் கம்பெனிகள் பட்டியல் இருக்கு, அதுல உள்ளதா எடும். ஒம்ம 32 இஞ்சுக்கு 4கேகூட வேண்டாம், டிவியில சொருகுற சர்டிஃபைடு குச்சி ஒண்ணு தாராளமாப் போதும். வாங்குன அன்னைக்கே வேற ஒரு சும்மாக் கணக்கைப் போட்டு, பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல அபவுட்டைத் திறந்து பாரும். சர்டிஃபைடுன்னு வரலைன்னா, ஒம்ம சொந்த ஜிமெயில் பாஸ்வேர்டை அதுல அடிக்காம, ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள அட்டையோட திருப்பி அனுப்பிரும்.